தொட்டிக்கு இடும் மணல்: கொற்கைப் பக்கத்து மீன் வளர்ப்போர்க்கு ஒரு திறந்த மடல்

கொற்கை



கொற்கையிலும் ஏரலிலும் ஆத்தூரிலும் பழையகாயலிலும் புன்னைக்காயலிலும் தூத்துக்குடி நகரத்திலும் வீட்டுக் கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டியை வைத்து, அதில் நாலைந்து மீன்களை விட்டு, வேலை முடிந்து வந்த மாலைப் பொழுதில் அவற்றின் சஞ்சாரத்தைப் பார்த்து மனம் ஆறுகிறவர்கள் உங்களில் பலர் இருக்கிறீர்கள். மீனின் ஜாதியைப் பற்றியும், அதற்கு இட வேண்டிய தீனியைப் பற்றியும், காற்று ஊதும் மோட்டாரைப் பற்றியும் கடைக்காரரிடம் விஸ்தாரமாக விசாரிக்கிற நீங்கள், தொட்டியின் அடியில் பரப்ப வேண்டிய மணலைப் பற்றி மட்டும் பெரும்பாலும் ஒரு வார்த்தையும் கேட்பதில்லை. மணல்தானே, கிடைத்ததைப் போட்டால் ஆயிற்று என்று ஒரு வாளியை எடுத்துக்கொண்டு கடற்கரைக்கோ ஆற்றங்கரைக்கோ போய்விடுகிறீர்கள். அந்த ஒரு வாளி மணலைக் குறித்துத்தான் இம்மடலை உங்களுக்கு எழுதுகிறேன்.

மணலை அற்ப விஷயமாக நினைக்கும் சுதந்திரம் வேறு எந்த ஊராருக்கு இருந்தாலும் நமக்கு இல்லை. பாண்டியர்களின் துறைமுகமாக விளங்கி, பெரிப்புளுஸ் என்னும் கிரேக்கக் கடல்வழி நூலிலும் தாலமியின் பூகோளத்திலும் இடம் பெற்று, முத்தின் பொருட்டுத் தூர தேசத்து வணிகரையெல்லாம் தன்பால் வரவழைத்த கொற்கை, இன்று வயல்களுக்கும் வாழைத் தோட்டங்களுக்கும் நடுவே, கடலைக் காண ஆறேழு கிலோமீட்டர் கிழக்கே போக வேண்டிய சிற்றூராக இருக்கிறதென்றால், பொதிகையிலிருந்து தாமிரபரணி வருஷந்தோறும் சுமந்துவந்து முகத்துவாரத்தில் இறக்கிய மணலும் வண்டலுமே அதற்குக் காரணம். 19ஆம் நூற்றாண்டில் கால்டுவெல் ஐயர் இங்கே வந்து ஆராய்ந்ததும், தமிழ்நாடு தொல்லியல் துறை 1968-69இல் அகழ்ந்ததும், மறுபடியும் 2021இல் அகழ்ந்ததும் அந்த மணலின்கீழ் மறைந்த பட்டினத்தைத்தான். கொற்கை தூர்ந்த பிறகு காயல் தலையெடுத்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்டு வியந்த அந்தக் காயலும் தூர்ந்தது. அப்பால் புன்னைக்காயல், அதற்கும் அப்பால் தூத்துக்குடி என்று, விலகிச் சென்ற கடலின் பின்னாலேயே நம் துறைமுகமும் நடந்து சென்றிருக்கிறது.

கடலுக்குள்ளும் இதே கதைதான். முத்துச்சிப்பி பற்றிக்கொண்டு வளர்வதற்குக் கெட்டியான பார், அதாவது கடலடிப் பாறைத் தளம், வேண்டும். அந்தப் பாரின்மேல் மணல் பெயர்ந்து வந்து மூடினால் இளஞ்சிப்பிகள் மூச்சடைத்து மடிந்துபோகும். 1902ஆம் ஆண்டில் மன்னார் வளைகுடாவின் இலங்கைப் பக்கத்துப் பார்களை ஆராய வந்த பேராசிரியர் ஹெர்ட்மன், சிப்பிகள் கூட்டங்கூட்டமாக அழிந்துபோவதற்கு இப்படி மணல் பெயர்வதையும் ஒரு முக்கியமான காரணமாகச் சொன்னார். பருவக்காற்றில் கடல் கலங்கினால் எந்தப் பார் மூடும், எந்தப் பார் திறக்கும் என்பது நம் குளியாளிகளுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த விஷயம். தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்த காலம் 1955 முதல் 1961 வரை. கீழே கிடக்கும் மணல் தன்மேல் வாழும் ஜீவனை வாழவும் வைக்கும், மாய்க்கவும் செய்யும் என்பதைக் கடலிலே கற்ற ஜனங்கள் நாம். வீட்டுத் தொட்டிக்கும் அந்த அறிவு அப்படியே பொருந்தும்.

தொட்டி மணலின் பிரதான உபயோகம் அலங்காரம் என்று எண்ணுகிறவர்கள் அநேகர். மீனின் கழிவும், தின்னாமல் விட்ட தீனியும் அழுகும்போது அம்மோனியா உண்டாகிறது. அது மீனுக்கு விஷம். மணலின் ஒவ்வொரு குறுணியின் மேலும் மெல்லிய படலமாகக் குடியேறும் நுண்ணுயிர்களில் ஒரு வகை அந்த அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. இன்னொரு வகை, விஷத்தன்மை குறையாத அந்த நைட்ரைட்டை, மீன் ஓரளவு பொறுத்துக்கொள்ளக்கூடிய நைட்ரேட்டாக மாற்றுகிறது. அதைச் செடிகள் உண்ணும், மிச்சத்தை நீங்கள் வாரந்தோறும் மாற்றும் ஜலம் வெளியே கொண்டுபோகும். ஆகவே நீங்கள் தொட்டியில் பரப்புவது, கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி ஜீவன்கள் குடியிருக்கப்போகும் பூமி.

கண்ணுக்குத் தெரியும் ஜீவனுக்கும் அது பூமியே. நம் வாய்க்காலிலும் ஆற்றோரத்து மணல்திட்டிலும் கிடைக்கும் அயிரையைக் குழம்பில் மட்டுமே பார்த்தவர்கள், ஒரு முறையாவது அதைத் தொட்டியில் வைத்துப் பார்க்க வேண்டும். பொடிமணல் பரப்பிய தொட்டியில் விட்ட அயிரை, வந்த பதற்றம் தணிந்ததும் தலையைச் சாய்த்து, உடம்பை ஒரு நெளிப்பு நெளித்து, மணலுக்குள் புகுந்துவிடும். சற்று நேரம் ஒன்றும் தெரியாது. உற்றுப் பார்த்தால் இரண்டு கண்கள் மட்டும் மணலுக்கு மேலே விழித்திருக்கும். பசி வந்ததும் வெளியே வந்து, வாய் நிறைய மணலை அள்ளி, அதிலுள்ள இரையை மட்டும் எடுத்துக்கொண்டு மணலைச் செவுள் வழியாக உதிர்த்துவிடும். வாயைச் சுற்றியுள்ள மெல்லிய மீசைகளால் தடவித் தடவித்தான் அது இரையைக் கண்டுபிடிக்கிறது. அதே அயிரையைக் கூரான கருங்கல் சில்லுகள் பரப்பிய தொட்டியில் விட்டால், அந்த மீசைகள் தேய்ந்து புண்ணாகி, புண்ணில் நோய் பற்றி, சில வாரங்களில் மீன் மெலிந்து செத்துப்போகும். தீனி சரியில்லை, தண்ணீர் சரியில்லை என்று வீட்டார் எதையெதையோ மாற்றிப் பார்ப்பார்கள். காலடியில் கிடக்கும் காரணத்தை மட்டும் பார்க்க மாட்டார்கள்.

இனி, நம் வட்டாரத்தில் கைக்கு எட்டும் மணல்கள் எவை, அவற்றில் எது ஆகும், எது ஆகாது என்பதைச் சொல்கிறேன்.

கடற்கரை மணல் ஆகாது. அதிலுள்ள உப்பைப் பத்துத் தரம் கழுவினால் போக்கிவிடலாம். ஆனால் அதில் கலந்து கிடக்கும் சிப்பித்தூளும் சங்குத்தூளும் பவளத்தூளும் கழுவிப் போகிற வஸ்துக்கள் அல்ல. அவை சுண்ணாம்பு, தண்ணீரில் கொஞ்சங்கொஞ்சமாகக் கரைந்து அதைக் கடினமாக்கும், காரத்தன்மையையும் ஏற்றும். போர்த் தண்ணீரே கடினமாக இருக்கும் நம் கடலோர ஊர்களில் இது இன்னும் மோசம். ஆப்பிரிக்க ஏரிகளிலிருந்து வந்த சிக்லிட் மீன்கள் சிலவற்றுக்கு அப்படிப்பட்ட ஜலமே இதமானது என்பது உண்மை. ஆனால் நம் வீடுகளில் பெரும்பாலும் வளர்வது அவை அல்லவே. உப்பளங்களை அடுத்த மணலைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை.

கடற்கரை மணலிலேயே சில இடங்களில் கறுப்பாகவும் செம்மையாகவும் வரிவரியாகப் படிந்து கிடக்கும் மணல் உண்டு. திருச்செந்தூருக்குத் தெற்கே போகப் போக இதை அதிகம் காணலாம். கறுப்பு இல்மனைட்டு, செம்மை கார்னெட்; இவற்றோடு ரூட்டைலும் சிர்க்கானும், தோரியம் பொதிந்து கதிரியக்கம் வீசும் மோனசைட்டும் கலந்திருக்கும். இந்தக் கனிமங்களை வாரியெடுத்த வியாபாரம் நம் கரையோரத்தை என்ன பாடு படுத்திற்று என்பதும், 2013ஆம் ஆண்டில் அரசு அதற்குத் தடை விதித்ததும் நீங்கள் அறிந்தவையே. பார்ப்பதற்கு அழகாயிருக்கிறது என்று இதை ஒருபோதும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

தேரி என்னும் மணற்குன்றுகளின் மணல் சிவந்த அழகுடையது. குதிரைமொழித் தேரியில் அஸ்தமன வேளையில் நின்றவர்களுக்கு அந்த நிறம் ஆயுளுக்கும் மறக்காது. ஆனால் அந்தச் சிவப்பு, ஒவ்வொரு மணலின் மேலும் பூசினாற்போல் ஒட்டியிருக்கும் இரும்பு ஆக்ஸைடும் களிமண்ணுமே. தொட்டியில் இட்டால் நாள் கணக்கில் தண்ணீர் செங்காவியாகவே நிற்கும். மணலும் மிகவும் நுண்ணியது, இறுகிப் படிந்துவிடும். அது தேரியிலேயே இருக்கட்டும்.

அடுத்தது சல்லி. தூத்துக்குடிக்கு எதிரேயுள்ள தீவுகளின் பெயர்களிலேயே காரியசல்லி, விலங்குசல்லி என்று இருக்கிற அந்தப் பவளச் சல்லியை, தொட்டிக்கு அழகென்று சிலர் வாங்கி வைக்கிறார்கள். இதில் நான் சற்று விரிவாகப் பேசுவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே தொடராக நின்ற 21 தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த கடலையும் 1986இல் தேசியப் பூங்காவாகப் பிரகடனம் செய்தார்கள். ஆனால் அதற்கு முன்பும், அதற்குப் பின் பல வருஷங்களும், சுண்ணாம்புக்காகவும் ஆலைகளுக்காகவும் அந்தத் தீவுகளைச் சுற்றியிருந்த பவளப்பாறைகளைக் கடப்பாரை கொண்டு பெயர்த்துத் தோணி தோணியாகக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். அலையைத் தடுத்து நின்ற அரண் போனதும் அலை தீவையே அரிக்கத் தொடங்கிற்று. விலங்குசல்லியும் பூவரசன்பட்டியும் கடலுக்குள் மூழ்கிப்போயின. வான் தீவு தேய்ந்து தேய்ந்து ஒரு சிறு பங்காகக் குறுகி, அதைக் காப்பாற்றுவதற்காகக் கடலடியில் செயற்கைப் பாறைகளை வரிசையாக இறக்க வேண்டியதாயிற்று. பாறை உண்டாக்கும் பவள இனங்கள் அனைத்தையும் 2001இல் வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள்; புலிக்கு உரிய பாதுகாப்பே அவற்றுக்கும். செத்த பவளந்தானே என்னும் வாதம் செல்லாது. ஒரு தீவின் எலும்பை எடுத்து நம் கூடத்தில் வைத்து அழகு பார்ப்பது நமக்குத் தகாது.

ஆற்று மணலைப் பற்றிச் சொல்ல வரும்போது எனக்கு மனவருத்தம் உண்டாகிறது. ஏனெனில் குணத்தை மட்டும் பார்த்தால் தொட்டிக்கு அதைவிடச் சிறந்தது வேறில்லை. மலையிலிருந்து கடல் முகம்வரை உருண்டு உருண்டு முனைகள் மழுங்கிய குவார்ட்ஸ் மணல் அது. தண்ணீரின் குணத்தை மாற்றாது. நம் ஆற்று மீன்கள் பிறந்து வளர்ந்த படுக்கையும் அதுவே. தாமிரபரணியின் பெயரையே தாங்கிய ஒரு கெண்டை இனம் உண்டு. 1954இல் மீனியல் அறிஞர் சைலஸ் அதை உலகத்துக்கு அறிவித்தார். முதுகுத் துடுப்பில் இழை இழையாக நீளும் கதிர்களுக்காகத் தேசம் கடந்தும் தொட்டிகளில் வளர்க்கப்படுகிற அந்த மீன், தன் சொந்த ஆற்றில் அழியும் அபாயத்தில் இருக்கிறது. அந்த ஆற்றின் மணல் லாரி லாரியாகப் போனதை நாம் பார்த்திருக்கிறோம். 2010ஆம் ஆண்டின் இறுதியில், கம்யூனிஸ்ட் தலைவர் பெரியவர் நல்லகண்ணு தொடுத்த வழக்கில், உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தாமிரபரணியில் மணல் அள்ளுவதற்குத் தடை விதித்தது. அதன் பின்பும் திருட்டு நிற்கவில்லை. 2023 ஏப்ரல் 25 அன்று, மணல் கடத்தலைப் பற்றிப் புகார் கொடுத்த காரணத்துக்காக, முறப்பநாட்டில் கிராம நிர்வாக அலுவலர் லூர்து பிரான்சிஸ் பட்டப்பகலில் தம் அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார்.

ஒரு தொட்டிக்கு வேண்டிய பதினைந்து கிலோ மணலுக்கும் லாரிக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். அளவில் சம்பந்தமில்லைதான். ஆனால் அனுமதியின்றி ஆற்றில் கை வைக்கலாகாது என்பது ஒரு தர்மமானால், அது வாளிக்கும் சேர்த்துத்தான் தர்மம்; ஆற்றைக் காத்ததற்காக ஒரு மனிதர் உயிரைக் கொடுத்த ஜில்லாவில், அந்த ஆற்று மீனை வளர்க்கிறவர்களாவது அந்த ஆற்றின் மணலைத் தொடாமல் இருக்க வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். ஆற்று மணலே வேண்டுமென்றால் அதற்கு நேர்மையான வழி ஒன்று இருக்கிறது. பழைய வீட்டைக் கட்டியபோது மிஞ்சி, கொல்லையிலோ மாட்டுக்கொட்டகை ஓரத்திலோ வருஷக்கணக்காகக் கிடக்கும் மணற்குவியல் இல்லாத தெரு நம் ஊர்களில் குறைவு. அதைக் கேட்டு வாங்குங்கள். சிமெண்டோ சுண்ணாம்போ கலந்த பகுதியை அறவே ஒதுக்குங்கள். சிமெண்டின் காரம் மீனைக் கொன்றுவிடும். கொத்தனார் பூச்சு வேலைக்கு மணல் சலிக்கும் சல்லடையில் சலித்தால், மேலே நிற்கும் கப்பியை விட்டுவிட்டு, கீழே விழுந்ததை எடுத்துக்கொள்ளலாம்.

அப்படிப்பட்ட குவியல் கிடைக்காதவர்கள், குடிநீர் நிலையங்களிலும் நீச்சல்குளங்களிலும் தண்ணீரை வடிகட்டுவதற்காக அளவு பார்த்துச் சலித்து மூட்டையாக விற்கும் சிலிக்கா மணலை வாங்குவது உத்தமம். அதுவும் பூமியிலிருந்து எடுத்ததே. ஆயினும் ரசீதோடு வருவது, சுண்ணாம்பு அற்றது, ஒரே சீரானது. அரை மில்லிமீட்டர் முதல் ஒரு மில்லிமீட்டர் வரையுள்ள ரகம் அயிரைக்கும் தங்கமீனுக்கும் செடிக்கும் ஒருங்கே ஒத்துவரும். அதைவிடப் பொடியானால் இறுகும். இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் போனால் இடுக்குகளில் தீனி இறங்கி அழுகும். எம்-சாண்ட் என்று விற்கும் பொடித்த கல் கட்டடத்துக்கு நல்லது. ஆனால் முனைகள் கூரானது, கல்மாவு மிகுந்தது, அடியில் மேயும் மீனுக்குப் பகை. நீலமும் பச்சையும் ரோஜா நிறமுமாகச் சாயம் தோய்த்த கற்களை வாங்கவே வாங்காதீர்கள். சாயம் நாளடைவில் உரிந்து தண்ணீரில் கலக்கும். பளீரென்ற தரையின்மேல் மீனும் தன் நிறத்தைக் குறைத்துக்கொண்டு வெளிறிப்போகும். மங்கலான இயற்கை நிறத் தரையின்மேல்தான் மீனின் சௌந்தரியம் முழுதும் வெளிப்படும்.

எந்த மணலானாலும் பரீட்சிக்காமல் தொட்டியில் இடலாகாது. ஒரு கண்ணாடித் தம்ளரில் இரண்டு கரண்டி உலர்ந்த மணலை இட்டு, அது மூழ்கும்படி சமையல் வினிகரை ஊற்றுங்கள். வினிகர் இல்லையென்றால் எலுமிச்சைச் சாறு. தம்ளரைக் காதருகே கொண்டுபோய்க் கேளுங்கள். வெளிச்சத்தில் பிடித்தும் பாருங்கள். மணலிலிருந்து குமிழிகள் சரஞ்சரமாக எழுந்து, மெல்லிய இரைச்சல் கேட்டால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது. ஊற்றிய மாத்திரத்தில் வெளியேறும் காற்றுக் குமிழிகளைக் கண்டு ஏமாற வேண்டாம். கால் மணி நேரம் பொறுத்தும் குமிழி எழுந்துகொண்டிருந்தால்தான் சந்தேகம் ஊர்ஜிதம். இதைவிட நிச்சயமான சோதனை ஒன்று உண்டு. ஆர்.ஓ. தண்ணீரில், கரைந்த உப்புகளை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரை வைத்து அளவைக் குறித்துக்கொண்டு, கழுவிய மணலை ஒரு ஜாடியில் இட்டு அந்தத் தண்ணீரை ஊற்றி மூடி, ஒரு வாரம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள். எண் கணிசமாக ஏறியிருந்தால் அந்த மணல் எதையோ கரைத்துக்கொண்டிருக்கிறது. அதைத் தோட்டத்துக்கு அனுப்பிவிடலாம். ஒரு காந்தத்தைக் காகிதத்தில் சுற்றி மணலுக்குள் துழாவிப் பார்ப்பதும் நல்லது. ஆணித்துண்டும் கம்பித்துணுக்கும் அதில் ஒட்டிக்கொண்டு வரும். காந்தத் துடைப்பானால் கண்ணாடியைத் துடைக்கிறவர்கள், இரும்புத் துகள் சிக்கிக் கண்ணாடி கீறுவதையும் இவ்விதம் தவிர்க்கலாம்.

எவ்வளவு மணல் வேண்டும் என்பதற்குக் கணக்கு எளிது. இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் உள்ள தொட்டிக்கு, அதாவது 60க்கு 30 சென்டிமீட்டர் தரைக்கு, 5 சென்டிமீட்டர் உயரம் பரப்ப 9 லிட்டர் மணல் வேண்டும். எடையில் 14, 15 கிலோ. கழுவும்போது கொஞ்சம் போகும். 17 கிலோவாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கழுவுவதுதான் இந்தக் காரியம் முழுவதிலும் பொறுமை அதிகம் வேண்டும் இடம். பெரும்பாலோர் அவசரப்படுவதும் அங்கேதான். மூட்டையை அப்படியே ஒரு பெரிய பாத்திரத்தில் கவிழ்த்து ஒரே தடவையில் கழுவ முயன்றால், மேல் மணல் மட்டும் சுத்தமாகி அடிமணல் சேறாகவே நிற்கும். வாளியில் கால் பங்குக்கு மேல் மணல் இடக்கூடாது. தண்ணீரை வேகமாக விட்டு, கையை அடிவரை விட்டு, அரிசி களைவது போல் சுழற்றிக் கிளறி, மணல் அமர்ந்தும் அமராத நேரத்தில் கலங்கல் நீரைச் சாய்த்துவிட வேண்டும். முதல் நீர் பாலாக வரும். சருகும் வேர்த்துணுக்கும் மிதந்து வரும். ஐந்தாறு முறையில் நீர் தெளிந்ததுபோல் தோன்றும், அங்கே நிறுத்திவிடக்கூடாது. கிளறிய க்ஷணத்திலேயே வாளியின் அடியில் கிடக்கும் மணல் தண்ணீரூடே கண்ணுக்குத் தெரிய வேண்டும். அதற்குப் பத்து முறையும் ஆகலாம், இருபது முறையும் ஆகலாம். சோப்பு, சலவைத்தூள் எதுவும் அருகில் வரக்கூடாது. கழுவிய கலங்கல் நீரைச் சாக்கடையில் விடாமல் வாழைக்கும் தென்னைக்கும் பாய்ச்சுங்கள்.

கொல்லைக் குவியலிலிருந்து எடுத்த மணலானால், கழுவி முடித்தபின் கொதிக்கும் நீரை ஊற்றி ஆறவிட்டு வடித்து, மொட்டைமாடியில் ஒரு சாக்கின்மேல் மெல்லிதாகப் பரப்பி இரண்டு நாள் நம் ஊர் வெயிலில் காயவிடுங்கள். பூச்சி, புழு, முட்டை எதுவும் மிஞ்சாது. மூட்டை மணலுக்கு வெயில் மட்டும் போதும்.

தொட்டிக்குள் பாறை வைக்க விரும்புகிறவர்கள் முதலில் அதைத் தொட்டியின் அடித்தரையிலேயே அசையாமல் நிறுத்திவிட்டுப் பிறகு மணலை இட வேண்டும்; மணலின்மேல் வைத்த பாறை, மீன் அடியில் தோண்டத் தோண்டச் சாய்ந்து மீனையும் நசுக்கும், கண்ணாடியையும் உடைக்கும். முன்புறம் 3 சென்டிமீட்டரும், செடி நடும் பின்புறம் 6, 7 சென்டிமீட்டருமாகச் சரிவாகப் பரப்புங்கள். அதற்குமேல் ஆழம் வேண்டாம். பொடிமணல் மிக ஆழமானால் அடியில் பிராணவாயு புகாமல், கறுத்த திட்டுகள் உண்டாகி, கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் எழும். அந்த வாயு மீனுக்கு விஷம். நம் குளங்களில் சாதாரணமாகக் காணும், கூம்பாய் நீண்ட சுருள் ஓட்டு நத்தை நாலைந்தை விட்டுவைத்தால், அவை மணலுக்குள் உழுதுகொண்டே இருந்து இந்த அபாயத்தைக் குறைக்கும். பழைய தொட்டிகளில் மணலுக்கு அடியில் பிளாஸ்டிக் தட்டு வைத்துக் காற்றால் நீரிழுக்கும் வடிகட்டி இருக்கும். அது கல் பரப்பிய தொட்டிக்கு ஏற்பட்டது. பொடிமணலை அதன்மேல் இட்டால் துளையெல்லாம் அடைந்துபோகும். தட்டை எடுத்துவிட்டு, மணலுக்கு மேலே நிற்கும் பஞ்சு வடிகட்டியை வையுங்கள்.

தண்ணீர் விடுவதிலும் ஒரு சாதுரியம் இருக்கிறது. மணலின்மேல் ஒரு சாப்பாட்டுத் தட்டை வைத்து, தண்ணீர் தட்டில் விழுந்து மெல்ல வழியும்படி சொம்பு சொம்பாக ஊற்றினால் மணல் குழியாமலும் கலங்காமலும் இருக்கும். எவ்வளவு கழுவினாலும் முதல் நாள் சிறிது மங்கல் இருக்கவே செய்யும். மறுநாள் அது படிந்த பிறகே வடிகட்டியின் மோட்டாரை ஓட்டுங்கள், இல்லாவிட்டால் மணல் புகுந்து அதன் விசிறி தேய்ந்துவிடும். நகரத்துக் குழாய்நீரில் குளோரின் இருக்கும். ஒரு நாள் முழுதும் திறந்து வைத்திருந்து பிறகு விடுங்கள்.

இவ்வளவும் ஆனபிறகும் மீனை விடுவதற்கு நாள் வரவில்லை. முன்பு சொன்ன நுண்ணுயிர்கள் குடியேற நாலிலிருந்து ஆறு வாரங்கள் பிடிக்கும். செடிகளை நட்டு, துளித்துளியாகத் தீனி இட்டுத் தொட்டியை வெறுமனே ஓடவிடுங்கள். ஆரோக்கியமான தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் ஒரு பிடி பழைய மணலைத் துணியில் முடிந்து வாங்கிவந்து உங்கள் தொட்டியில் தொங்கவிட்டால் காலம் பாதியாகவும் குறையலாம். மீன் விட்ட பிறகு வாரத்துக்கு ஒரு முறை கால் பங்கு நீரை மாற்றும்போது, குழாயின் வாயை மணலுக்கு இரண்டு விரற்கடை மேலே பிடித்து அழுக்கை மட்டும் உறிஞ்சி எடுங்கள். மணல் அழுக்கேறிவிட்டதென்று முழுவதையும் வெளியே எடுத்துக் குழாயடியில் கழுவுகிற வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அது மாதக்கணக்கில் குடியேறிய உயிர்களை ஒரே நாளில் குளோரினுக்குப் பலியிடுகிற காரியம். மறுவாரம் மீன் சாவது அதனால்தான்.

தூத்துக்குடியிலும் ஏரலிலும் கலர் மீன் கடை நடத்துகிறவர்களுக்கும் இம்மடலில் ஒரு விண்ணப்பம் உண்டு. சாயக் கற்களுக்குப் பதிலாக, அளவு பார்த்த வடிகட்டி மணலை 5 கிலோப் பொட்டலங்களாகக் கட்டி விற்பதற்கு முன்வாருங்கள். ஒருவருக்கு ஒரு மூட்டை மிகை. பாதி வீணாகும் என்பதாலேயே பலர் ஆற்றுக்கும் கடலுக்கும் போகிறார்கள். கடையில் பவளச் சல்லி இருந்தால் அதை விற்பதை இன்றே நிறுத்துங்கள். 1977 முதல் தூத்துக்குடியில் இயங்கிவரும் மீன்வளக் கல்லூரியின் ஆசிரியர்களும் மாணவர்களும், பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்த வினிகர்ப் பரீட்சையையும் மணல் கழுவுவதையும் செய்து காட்டினால் அது பெரும் உபகாரமாகும்.

கடைசியாக, தொட்டியைக் கலைக்க நேரும்போது அதன் மணலையோ செடியையோ மீனையோ ஆற்றிலும் குளத்திலும் கொட்டாதீர்கள். எங்கிருந்தோ வந்த மீனும் நத்தையும் நோயும் நம் நீர்நிலைகளில் பரவுவதற்கு அதுவே வழி. மீனைக் கடைக்காரரிடமோ வளர்க்கிற ஒருவரிடமோ ஒப்படையுங்கள். மணலை வெயிலில் நன்றாகக் காயவைத்து, அடுத்துத் தொட்டி வைக்கப்போகிறவருக்குக் கொடுங்கள். நல்ல மணலுக்குக் காலாவதி கிடையாது.

இங்ஙனம்,
உங்களைப் போல் மீன் வளர்க்கும் கொற்கை வட்டாரத்தான் ஒருவன்